கடலில் எரித்த எண்ணெயின் கரியை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கடலில் கொட்டிய கச்சா எண்ணெயைச் சில இடங்களில் அங்கேயே தீ வைத்து எரித்துவிடுகிறார்கள். அந்தப் புகை காற்றில் கலந்து எங்கெங்கோ போய்ப் படிகிறது. ஓரிடத்தில் கிடைக்கும் கரி அந்த எண்ணெயிலிருந்துதான் வந்தது என்று வேதியியல் சோதனையால் சொல்ல முடியுமா? லாரிப் புகை, கப்பல் புகை, விறகுப் புகை எல்லாமே கரிதானே? பல ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஆனால் கரியை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. புகைக்கரி என்பது ஏறத்தாழ வெறும் கார்பன். எதை எரித்தாலும் கடைசியில் அதே கறுப்புதான். அதன்மேல் ஒட்டிக்கொண்டு வரும் பொருள்களில்தான் அடையாளம் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: எண்ணெயின் பழைய அடையாளத்தில் பெரும்பகுதியைத் தீ அழித்துவிடுகிறது, கூடவே எண்ணெயில் இல்லாத புதிய அடையாளம் ஒன்றை எழுதிவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரே ஒரு பொருளைக் காட்டி "இதோ சாட்சி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்ததை வைத்தே விளக்குகிறேன். எரித்த எண்ணெயின் கரியை வானத்திலிருந்து கடலடி வரை பின்தொடர்ந்து அளந்த நிகழ்வு, நான் அறிந்தவரை, இதைப் போல வேறொன்று இல்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 20 இரவு, லூசியானா கரையிலிருந்து சுமார் 66 கிலோமீட்டர் தள்ளி டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கீழே சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மக்காண்டோ கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கியது. கிணற்றிலிருந்து வந்தது 49 லட்சம் பீப்பாய் என்று அமெரிக்க அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டது. கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று பின்னாளில் நீதிமன்றம் முடிவு செய்தது. மேலே மிதந்து வந்த எண்ணெயில் ஒரு பகுதியை எரித்தார்கள். ஏப்ரல் 28 முதல் ஜூலை 19 வரை 411 முறை தீ வைத்தார்கள். எரிந்தது 2,20,000 முதல் 3,10,000 பீப்பாய் வரை என்பது கணக்கு.

எரிப்பது நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. தண்ணீர்மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிவிட்டால் கீழே இருக்கும் கடல் அதன் சூட்டை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும். படலம் குறைந்தது 2, 3 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். அதற்காக இரண்டு படகுகள் நடுவில் தீத்தாங்கும் மிதவை வேலி ஒன்றைக் குதிரை லாட வடிவில் மெதுவாக இழுத்துப்போய் எண்ணெயைக் குவித்து, பிறகு பற்றவைக்கின்றன. எண்ணெய் தண்ணீரோடு கலந்து மயோனைஸ் பதத்துக்கு வந்துவிட்டால் தீப்பிடிக்காது. ஆகவே புதிதாக மேலே வந்த எண்ணெய்தான் எரிந்தது. இது பின்னால் நமக்கு உதவும்: எரிந்த எண்ணெய் அதிகம் மாறாத, கிணற்றிலிருந்து வந்த பதத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்.

சரி, கரி எப்படி உண்டாகிறது? அரிக்கேன் விளக்கில் படித்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரியை அளவாக வைத்தால் சுடர் மஞ்சளாக, அமைதியாக எரியும். கொஞ்சம் கூட ஏற்றிவிட்டால் சிம்னி கறுத்துவிடும். எண்ணெய் ஆவி அதிகம், அதற்கு ஈடாகக் காற்று உள்ளே போகவில்லை. விளக்குச் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்து வைத்து மை எடுப்பதும் இதே வித்தைதான்; எரிந்து முடியுமுன் சுடரைக் குளிரவைத்துக் கரியைப் பிடித்துக்கொள்கிறோம். கடலில் எரியும் எண்ணெய்க்குளம், திரியை அளவில்லாமல் ஏற்றிவிட்ட ஒரு பெரிய விளக்கு. ஓரத்தில்தான் காற்று படும். நடுவில் சூடு இருக்கிறது, எரிபொருள் ஆவி இருக்கிறது, ஆக்சிஜன் போதவில்லை. அங்கே எண்ணெய் மூலக்கூறுகள் உடைந்து அசெட்டிலீன் போன்ற சிறு துண்டுகளாகின்றன. அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறு கார்பன் வளையம் ஆகின்றன, வளையத்தோடு வளையம் ஒட்டி அடையாகிறது, அடைகள் திரண்டு சில பத்து நானோமீட்டர் அளவுள்ள உருண்டையாகின்றன, உருண்டைகள் கோத்துச் சரமாகின்றன. அந்தச் சரம்தான் புகைக்கரி.

இந்தப் பாதையின் நடுவே, கரியாக முழுதும் வளராமல் பாதியில் நின்றுபோன வளையச் சேர்மங்கள் நிறைய மிஞ்சும். பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே வளையச் சேர்மங்கள் என்றே சொல்லிக்கொள்வோம். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டை, அதாவது நாஃப்தலீன், இவற்றில் மிகச் சிறியது: இரண்டு வளையம். பினாந்த்ரீனும் ஆந்த்ரசீனும் மூன்று. பைரீன் நான்கு. புற்றுநோய் உண்டாக்கும் பென்சோ பைரீன் ஐந்து. புகை குளிரும்போது இவை கரியின் மேல் படிந்துகொள்கின்றன. எரிபொருளைத் தேடும் ஆய்வு முதலில் கை வைப்பது இவற்றின்மேல்தான்.

வளையச் சேர்மங்கள் கச்சா எண்ணெயிலும் இருக்கின்றன, எண்ணெயை எரித்த புகையிலும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய் பூமிக்கடியில் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெதுவான சூட்டில் பதமானது. சமையலில் சொன்னால் சிம்மில் வைத்த குழம்பு. அந்தச் சூடு சுமார் 60 முதல் 150 டிகிரிதான். அதனால் வளையங்களில் தொங்கும் மெத்தில் போன்ற சிறு வால்கள் அறுபடாமல் இருக்கும். வாலில்லாத நாஃப்தலீன் கொஞ்சம், ஒரு கார்பன் வால் உள்ளது அதைவிட அதிகம், இரண்டு கார்பன் வால் உள்ளது இன்னும் அதிகம், மூன்று, நான்கு என்று போகப்போகக் குறையும். வரைபடத்தில் போட்டால் மணியைக் கவிழ்த்த மாதிரி நடுவில் மேடாக இருக்கும். தீயின் சூடோ ஆயிரம் டிகிரியைத் தொடும், நேரமோ கண் சிமிட்டும் நேரம். வால்கள் பிய்ந்துபோகும். வாலில்லாத மொட்டை வளையமே எல்லாவற்றையும்விட அதிகம், வால் நீள நீள வரைபடம் படிக்கட்டு மாதிரி இறங்கும். மணி வடிவம் என்றால் எண்ணெய், படிக்கட்டு என்றால் தீ. மாதிரியை வாயுக் குரோமட்டோகிராஃபிக் கருவியில் ஏற்றிப் பிரித்து, நிறை நிறமாலைமானியில் எடை பார்த்தால் இந்த வடிவம் திரையில் வந்துவிடும். பல ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தும், ஒரே எண்ணெயின் எரியாத மாதிரியையும் அதன் கரியையும் அடுத்தடுத்து ஓட்டி, மணி படிக்கட்டாக மாறுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறையும்.

இதை முறைப்படி செய்து காட்டிய ஆய்வுகளில் ஒன்று, 1994-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபைலில் நடந்த எரிப்புச் சோதனையை ஒட்டியது. டீசலை எரித்து, எரிக்கும் முன் இருந்த டீசல், எரிந்த பின் மிஞ்சிய கசடு, மேலே போன கரி என்று மூன்றையும் தனித்தனியாகப் பிடித்தார்கள். கனடா சுற்றுச்சூழல் துறையின் ஜெண்டி வாங் குழு அவற்றை அலசியது. டீசலில் இருந்த வளையச் சேர்மங்களில் மிகப் பெரும்பகுதி தீயில் அழிந்துபோயிருந்தது. ஆனால் ஐந்து, ஆறு வளையமுள்ள பெரிய சேர்மங்கள் புதிதாக உண்டாகியிருந்தன. வாலுள்ளவற்றுக்கு எதிரே மொட்டை வளையங்கள் எவ்வளவு என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் குறியீட்டையும் அவர்கள் முன்வைத்தார்கள். எரியாத எண்ணெயில் அது மிகச் சிறிய எண். கரியில் பல மடங்கு பெருகும். மிஞ்சிய கசடு இரண்டுக்கும் இடையில் நிற்கும், ஏனென்றால் அது பாதி எண்ணெய், பாதி தீ. கசடையும் கரியையும் குழப்பிக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. கசடு கடலிலேயே கிடக்கும், குளிர்ந்ததும் பல நேரம் மூழ்கும். கரிதான் பறக்கும்.

அடுத்த கட்டம் விகிதங்கள். பினாந்த்ரீனும் ஆந்த்ரசீனும் ஒரே அணுக்களால் ஆனவை, அடுக்கு மட்டும் வேறு. பினாந்த்ரீன் அதிக நிலைத்தன்மை கொண்டது. மெதுவாகப் பதமாகும் எண்ணெயில் ஏறக்குறைய எல்லாமே பினாந்த்ரீனாகத் தங்கிவிடும், ஆந்த்ரசீன் அரிது. தீயின் அவசரத்தில் இரண்டும் உண்டாகும். இரண்டின் கூட்டுத்தொகையில் ஆந்த்ரசீனின் பங்கு 0.1-க்குக் கீழே இருந்தால் எண்ணெய்ப் பக்கம், மேலே இருந்தால் எரிப்புப் பக்கம். அப்புறம் புளூரான்தீன், பைரீன் இணை. கூட்டுத்தொகையில் புளூரான்தீனின் பங்கு 0.4-க்குக் கீழே என்றால் எரியாத எண்ணெய், 0.4 முதல் 0.5 வரை என்றால் பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் போன்ற திரவ எரிபொருள் எரிந்தது, 0.5-க்கு மேல் என்றால் புல், விறகு, நிலக்கரி. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுப் படுகையை ஆராய்ந்த மார்க் யங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2002-ல் தொகுத்துக் கொடுத்த எல்லைகள் இவை. உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேதான் கேள்வியின் நடுப்பகுதி வருகிறது. இந்த விகிதம் விறகுப் புகையை ஒதுக்கித் தரும். லாரிப் புகையை ஒதுக்கித் தராது. லாரி எரிப்பதும் திரவ எரிபொருள், கடலில் எரிந்ததும் திரவ எரிபொருள், இரண்டும் அதே 0.4, 0.5 இடைவெளியில் வந்து உட்காரும். விகிதத்தை மட்டும் பார்த்து "எண்ணெய் எரிந்த கரி" என்று எழுதிவிட்டு, அது நெடுஞ்சாலைக் கரியாக இருக்கலாம் என்பதை யோசிக்காத அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

இன்னொரு பொறி வெயில். ஆந்த்ரசீன் வெளிச்சத்தில் பினாந்த்ரீனைவிட வேகமாகச் சிதையும். பென்சோ பைரீனும் அப்படித்தான். அதனால் தொலைதூரம் பயணித்த கரியில் ஆந்த்ரசீனின் பங்கு குறைந்து, எரிந்த கரி எரியாத எண்ணெய் போல வேஷம் கட்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் காற்று வடிகட்டித் தாள்கள் சிலவற்றை ஜன்னலோர மேசையில் இரண்டு நாள் மூடாமல் வைத்துவிட்டார்கள். அந்தத் தொகுதியில் மட்டும் விகிதம் சரிந்திருந்தது. காரணம் புரியாமல் ஒரு வாரம் கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைக்காத எவருடைய எண்ணையும் நான் எடுத்துக்கொள்வதில்லை.

லாரிக்கும் கொட்டிய எண்ணெய்க்கும் வேறுபாடு காண வேறு வகைப் பொருள் தேவைப்படுகிறது. அதுதான் ஹோப்பேன், ஸ்டெரேன் என்ற உயிரியல் அடையாளங்கள். பழங்காலத்து பாக்டீரியாக்களின் செல் சவ்வில் இருந்த ஒரு கட்டமைப்பு, மண்ணுக்குள் புதைந்து ஹைட்ரஜனேறி ஹோப்பேனாக எஞ்சியிருக்கிறது. பாசி போன்ற உயிர்களின் ஸ்டெரால்கள் ஸ்டெரேனாக எஞ்சியிருக்கின்றன. ஒவ்வோர் எண்ணெய் வயலிலும் எந்த உயிர்கள் புதைந்தன, எவ்வளவு சூடேறின என்பதைப் பொறுத்து இவற்றின் உள்விகிதங்கள் மாறும். பாக்டீரியாக்கள் இவற்றைச் சீக்கிரம் தின்பதில்லை, வெயிலும் எளிதில் அழிப்பதில்லை. எண்ணெய்க் கசிவு வழக்குகளில் யாருடைய எண்ணெய் என்று தீர்ப்பதற்கு முதுகெலும்பு இவைதான்.

கரியில் இவை எப்படி வரும்? தீக்குளத்தின் ஓரங்களில் எண்ணெயின் ஒரு சிறு பகுதி எரியாமலே ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து கரியில் படியும். அளவு மிகக் குறைவு. ஆனால் எரிந்து அழிந்தவை போக மிஞ்சிய ஹோப்பேன்களின் உள்விகிதம் மூல எண்ணெயை ஒத்திருக்கும். லாரிப் புகையிலும் ஹோப்பேன் உண்டு. அது எரிபொருளைவிட இன்ஜின் ஆயிலிலிருந்து வருவது. இன்ஜின் ஆயில் பல வயல்களின் எண்ணெயைக் கலந்து வடித்தது. அதன் உள்விகிதம் ஒற்றைக் கிணற்றின் விகிதத்தோடு எல்லா இடத்திலும் பொருந்துவது அரிது. ஆகவே மூல எண்ணெயின் மாதிரி கையில் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். இல்லாவிட்டால் ஹோப்பேன் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், அது எதையும் நிரூபிக்காது.

மற்றவற்றை விலக்கும் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தின் செல்லுலோஸ் எரிந்தால் லெவோகுளுகோசன் என்ற சர்க்கரை வகைப் பொருள் வரும். எண்ணெயில் அதற்கு வழியே இல்லை. ஊசியிலை மரம் எரிந்தால் ரெட்டீன் என்ற வளையச் சேர்மம் கூடும். கப்பல்கள் எரிக்கும் கனமான அடிமண்டி எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் நிறைய. மக்காண்டோ எண்ணெய் இலேசானது, கந்தகமும் உலோகமும் குறைந்தது. அதனால் அங்கே கிடைத்த கரியில் வனேடியம் தூக்கலாக இருந்தால் பக்கத்தில் போன சரக்குக் கப்பலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இன்னொன்று. உயிருள்ள மரத்தில் அது உண்டு. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போவதால் புதைபடிவ எண்ணெயில் சுத்தமாக இல்லை. விறகா எண்ணெயா என்பதற்கு இதைவிட உறுதியான தீர்ப்பு கிடையாது. ஆனால் எந்த எண்ணெய் என்று கேட்டால் அது வாய் திறக்காது, டீசலும் மக்காண்டோவும் அதற்கு ஒன்றே.

இனி வானத்துக்குப் போவோம். 2010 ஜூன் 8, 10 தேதிகளில் அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவின் ஆய்வு விமானம் வளைகுடாவின்மேல் பறந்தது. எரியும் எண்ணெயின் புகைக்குள்ளேயே நுழைந்து அளந்தார்கள். அதில் இருந்த ஒரு கருவியின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக லேசர் கற்றைக்குள் அனுப்பும். கரி லேசரை உறிஞ்சிச் சூடேறி, தகதகவென்று ஒளிவிட்டு ஆவியாகிவிடும். ஒளியின் அளவு அதில் எவ்வளவு கரி இருந்தது என்று சொல்லும். ஒளிவிடுவதற்கு முன் துகள் சிதறடித்த லேசர் ஒளி, கரியின்மேல் வேறு பொருள் பூசியிருந்ததா என்று சொல்லும்.

ஆன் பெரிங் தலைமையில் 2011-ல் வெளியான முடிவுகள் இவை. எரிந்த எண்ணெயின் எடையில் சுமார் 4 சதவீதம் கரியாகக் காற்றில் ஏறியது. எரிப்பு நடந்த காலத்தில் மொத்தம் சுமார் 13.5 லட்சம் கிலோ, ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடக் குறைய இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. துகள்கள் வளைகுடாவின் வழக்கமான காற்றில் இருப்பவற்றைவிட நன்றாகப் பெரியவை. மேலே பூச்சு ஏறக்குறைய இல்லை, மொட்டைக் கரி. விறகுப் புகையின் கரியில் கரிமப் பொருள்கள் பூசிக்கொண்டிருக்கும், அதிலிருந்து இது தெளிவாக வேறுபடுகிறது. ஆக, துகளின் பருமனும் பூச்சின்மையும் கூட ஓர் அடையாளம். ஆனால் புதுக் கரிக்குத்தான். காற்றில் சில நாள் சுற்றினால் எந்தக் கரிக்கும் மேலே பூச்சு ஏறிவிடும்.

அந்த 4 சதவீதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கலாம். தீயை எடை போட முடியாது. கார்பன் கணக்குதான் வழி. எண்ணெயின் எடையில் சுமார் 85 சதவீதம் கார்பன். எரிந்தால் அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாக, கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாக, கொஞ்சம் கரியாகப் போகும். புகைக்குள் ஒரு கைப்பிடிக் காற்றை எடுத்து இந்த மூன்றின் விகிதத்தைப் பார்த்தால் போதும்; புகை எவ்வளவு பரவியிருந்தாலும், காற்று எவ்வளவு கலந்திருந்தாலும் விகிதம் மாறாது. நீங்களே சரிபார்க்கலாம். ஒரு பீப்பாய் 159 லிட்டர், எடை சுமார் 135 கிலோ. 2,20,000 முதல் 3,10,000 பீப்பாய் என்றால் ஏறத்தாழ 30,000 முதல் 42,000 டன். அதில் 4 சதவீதம் 1,200 முதல் 1,700 டன். அறிவித்த 1,350 டன் அதற்குள் அடங்குகிறது.

அதே கோடையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் கப்பலில் கட்டிய பலூனைப் புகைக்குள் விட்டு டையாக்சின் என்ற குளோரின் கலந்த நச்சுப்பொருளை அளந்தார்கள். கடல்நீரில் குளோரின் நிறைய இருக்கிறது, எண்ணெயோடு சேர்ந்து எரிந்தால் டையாக்சின் உண்டாகுமே என்ற பயம் நியாயமானது. கிடைத்த அளவு மிகக் குறைவு. ஆகவே இந்தத் தீயைத் தேட டையாக்சின் நல்ல அடையாளமல்ல. குப்பை எரியும் இடத்துக் கரியைத் தேடுவோருக்குத்தான் அது பயன்படும்.

இப்போது கடலடி. கரி மிதந்துகொண்டே இருப்பதில்லை. மழையோடு கடலில் விழுந்து, நுண்பாசிகளின் பிசினில் ஒட்டி, வெண்பனி போல உதிரும் கடல் துகள்களோடு கீழே இறங்கும். கிணற்றிலிருந்து 7.4 கிலோமீட்டர் தென்மேற்கே, ஆழத்தில் புனல் போன்ற வண்டல் பொறி ஒன்றை 2010 ஆகஸ்டிலிருந்து 2011 அக்டோபர் வரை வைத்திருந்தார்கள். மேலேயிருந்து உதிர்வதை அது காலவாரியாகத் தனித்தனிப் போத்தலில் பிடித்துவைத்தது. 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 2010 ஆகஸ்ட், செப்டம்பரில் டயாட்டம் பாசிகள் பெருமளவில் செத்து இறங்கியபோது அவற்றோடு எண்ணெய் ஹைட்ரோகார்பன்களும் கரியும் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கின. கூடவே பேரியமும் ஒலிஃபின்களும் வந்தன. இந்தக் கடைசி இரண்டும் துளைபோடும்போது பயன்படுத்தும் சேற்றுக் கலவையின் பொருள்கள்.

என் பார்வையில் இந்த ஆய்வின் வலிமை அங்கேதான் இருக்கிறது. கரி என்ற ஒன்று தனியாக வந்திருந்தால், மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் கரி என்று யாரும் சொல்லிவிடலாம். அந்த ஆறு பெரிய கண்டத்தின் புகையையும் காட்டுத்தீயையும் கழுவிக்கொண்டு வருவது. ஆனால் கிணற்றுச் சேற்றின் பேரியமும் அதே எண்ணெயும் அதே வாரங்களில் அதே போத்தலில் உடன் வந்திருக்கின்றன. ஊரார் சேர்ந்து சொல்லும் சாட்சி மாதிரி. அப்போதும் அந்தக் கரியில் ஒவ்வொரு துகளும் எரித்த எண்ணெயுடையது என்று நான் சொல்லமாட்டேன். பெருகிய பங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் என்பேன்.

சேற்றில் கரியை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு வழி. ஒன்று, அமிலம் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காற்றில் 375 டிகிரிக்குச் சூடேற்றுவது. இலை, பாசி, எண்ணெய் எல்லாம் எரிந்துபோகும், கரி தாக்குப்பிடிக்கும். மற்றொன்று, நைட்ரிக் அமிலத்தில் கரியைச் செரிக்கவிடுவது. வளைய அடைகள் உடைந்து ஒரே ஒரு பென்சீன் வளையமும் அதைச் சுற்றிக் கார்பாக்சில் அமிலக் கிளைகளுமாக விழும். ஆறு மூலையிலும் கிளை உள்ள வகை அதிகம் என்றால் அது மிகச் சூட்டில் நெருக்கமாக அடுக்கிய புகைக்கரி. குறைவு என்றால் அடுப்புக்கரி, சருகுக்கரி போன்ற குறைந்த சூட்டுக் கரி. இரண்டாவது முறைக்கு வேலை அதிகம், ஆனால் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை.

எல்லா எண்ணெய்த் தீயும் ஒரே மாதிரி இல்லை என்பதற்குக் குவைத் 1991 நல்ல எடுத்துக்காட்டு. பின்வாங்கிய இராக் படை 600-க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு நவம்பர் 6-ல் அடைபட்டது. அங்கே மேலே பறந்து அளந்தவர்கள் கறுப்புப் புகை மட்டுமல்ல, வெள்ளைப் புகையும் கண்டார்கள். சில கிணறுகளில் எண்ணெயோடு உப்புநீரும் பீறிட்டதால் புகையில் உப்புத் துகள் நிறைந்து வெளுத்திருந்தது. நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 டன் சல்பர் டை ஆக்சைடு வந்ததாகவும் கணக்கிட்டார்கள். கந்தகம் மிகுந்த எண்ணெய். மக்காண்டோவின் அடையாளப் பட்டியலைக் கொண்டுபோய்க் குவைத்தில் தேடினால் தவறான பதில்தான் வரும். ஒவ்வொரு தீக்கும் அதன் எண்ணெயை வைத்துத் தனிப் பட்டியல் போட வேண்டும்.

நம் பக்கத்துக் கடலில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2021 மே 20-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. நாள்கணக்கில் எரிந்து, ஜூனில் மூழ்கியது. அங்கே எரிந்தது முக்கியமாகப் பிளாஸ்டிக் மூலப்பொருள் உருண்டைகளும் மற்ற சரக்கும். கரையில் ஒதுங்கியவற்றில் வெள்ளை உருண்டைகளும் இருந்தன, கருகி உருகிய கட்டிகளும் இருந்தன. இலங்கையின் ஆஷா டி வோஸ் உட்பட்ட ஆய்வுக்குழு கரையோரமாக அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தது. எரியாத உருண்டைகளைவிட எரிந்தவை வேதியியல்படி பல மடங்கு சிக்கலானவையாக இருந்தன. எரிபொருள் எண்ணெயானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒரே பாடம்: தீ பழையதை அழித்துப் புதியதைச் சேர்க்கிறது, எரியாத மூலப்பொருள் கையில் இல்லாமல் எரிந்ததைப் படிக்க முடியாது.

அதனால், எங்காவது எண்ணெயை எரிக்க முடிவெடுத்தால் தீ வைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த எண்ணெயிலேயே அரை லிட்டர், பழுப்புக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து உறைபெட்டியில் வைப்பது. பிளாஸ்டிக் போத்தல் கூடாது, எண்ணெய்க்குள் அதன் பொருள்கள் கலக்கும். எரியும்போது புகையின் கீழ்க்காற்றுப் பக்கம் ஒரு வடிகட்டி, எதிர்க்காற்றுப் பக்கம் ஒரு வடிகட்டி. வேலி இழுக்கும் படகுகளின் இன்ஜின் ஆயிலும் டீசலும் தலா ஒரு சிறு போத்தல். அணைந்த பின் மிதக்கும் கசடில் ஒரு கரண்டி. இவ்வளவுதான் தேவை, செலவும் பெரிதல்ல. ஆனால் ஊரே பரபரத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இதைச் செய்ய ஓர் ஆளை ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஓராண்டு கழித்து நஷ்டஈடு கேட்கும் மீனவர் தரப்பில் இந்தப் போத்தல்கள் இல்லாததன் வலியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பல ஆண்டு கழித்தும் முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு: காற்றில் கிடந்த கரியில் கடினம், சேற்றில் புதைந்த கரியில் ஓரளவு முடியும். கரி சரத்தின் வெளிப்புறத்தில் படிந்த வளையச் சேர்மங்கள் வெயிலிலும் பாக்டீரியாவிலும் போய்விடும். உருண்டைகளின் இடுக்குகளில் சிக்கியவை ஒளியும் உயிரும் எட்டாமல் பத்திரமாக இருக்கும். அவ்வளவு இறுக்கமாகச் சிக்கியிருப்பதால் வழக்கமான கரைப்பான்கள் அவற்றை எடுக்காது. அழுத்தமும் சூடும் கொடுத்து டொலுயீனில் ஊறவைத்தால்தான் வெளியே வரும். பழைய சேற்றில் "வளையச் சேர்மம் குறைவு" என்று எழுதிய ஒரு அறிக்கையைப் பார்த்தால் முதலில் எந்தக் கரைப்பானில், எத்தனை மணி நேரம் எடுத்தார்கள் என்ற பகுதியைப் புரட்டுங்கள். கூடவே சேற்றை எவ்வளவு மெல்லிய அடுக்காக வெட்டினார்கள் என்பதையும் பாருங்கள். ஆழ்கடலில் ஒரு சென்டிமீட்டர் சேறு படியப் பல பத்தாண்டுகள் கூட ஆகும். 2010-ன் கரி சில மில்லிமீட்டருக்குள் இருக்கிறது; தடித்த துண்டாக வெட்டி அரைத்துவிட்டால் அது அதற்கு முந்தைய காலத்துக் கரியோடு கலந்து கரைந்துபோகும்.